பாட்டு சரி, சத்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மனதைத் தூக்கி நிறுத்தும் பாடல்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவற்றை எவ்வளவு சத்தமாகக் கேட்கிறோம் என்பதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. சோர்ந்து கிடந்த எத்தனையோ நாட்களில் நல்ல தாளக்கட்டுள்ள ஒரு பாட்டு என்னை எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. ஆனால் பேருந்து இரைச்சலை அமுக்குவதற்காக இயர்போனில் சத்தத்தைக் கூட்டி, இறங்கிய பிறகும் குறைக்க மறந்து, அப்படியே இரண்டு வருடம் ஓட்டியதில் இப்போது ராத்திரி படுத்தால் காதுக்குள் ஒரு ‘கீய்ங்’.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், அதையே 90-க்கு ஏற்றினால் வெறும் 4 மணி நேரம்தான். 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடுகிறது, அதனால்தான் இந்தச் சரிவு. உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

அப்புறம், சோகப் பாட்டு மனதைக் கெடுக்கும் என்ற அறிவுரை எனக்கு ஒப்பவில்லை. அழவேண்டிய நேரத்தில் அதுதான் துணை. ஒரே பாட்டை நள்ளிரவு வரை திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பழைய காயத்தைக் கிளறுவது வேறு கதை (நானும் செய்திருக்கிறேன்).

ஒலி அளவுக்கு வரம்பு வைக்கும் வசதி பல ஃபோன்களிலேயே இருக்கிறது. உங்கள் ஃபோன் விமர்சனங்களில் கேமராவுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்களே, இதற்கும் ஒரு வரி கொடுங்களேன்.

- ஒரு வாசகர்