வெயிலும் காய்ச்சலும்: நாமக்கல்லிலிருந்து ஒரு கடிதம்

நாமக்கல்,
சித்திரை 20

அன்புள்ள மாப்ளே,

கடுதாசி வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. "காய்ச்சல் அடிச்சா கிருமி செத்துப்போகும், மாத்திரை எதுக்கு?" என்று சண்டை போட்டாராமே. அது பாதி சரி.

இங்கே வெயில் கொளுத்துகிறது. நேற்று மத்தியானம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்கு வைத்தியம் பார்க்கப் போனேன். அத்தனை கோழியும் றெக்கையை விலக்கி, வாயைப் பிளந்து இரைக்கின்றன. கோழிக்கு வியர்க்காது; இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். அதில் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, முட்டை ஓடு மெலிந்துபோகிறது. நான் எடுத்த முட்டை விரல் பட்டதுமே விரிசல் விட்டது. பண்ணைக்காரர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உடம்பிலுள்ள செல்லுக்கும் சூடு ஆகாது. உள்ளே புரதங்கள் குலைய ஆரம்பிக்கும். உடனே எச்எஸ்எஃப்1 என்ற புரதம் மும்மூன்றாகச் சேர்ந்து உட்கருவுக்குள் போய், குலைந்ததைச் சீர்செய்யும் காப்புப் புரதங்களின் ஜீன்களை முடுக்கிவிடும். இதெல்லாம் தெரியவந்ததே ஒரு தவறால்தான். ரிட்டோசா என்ற இத்தாலியரின் ஆய்வுக்கூடத்தில் யாரோ இன்குபேட்டர் சூட்டை ஏற்றிவிட்டார்கள். உள்ளே இருந்த பழ ஈப் புழுக்களின் குரோமோசோம்களில் புதுப் புடைப்புகள், அதாவது ஜீன்கள் முடுக்கப்பட்ட இடங்கள்! 1962-ல் அதை எழுதி வெளியிட்டார்.

இப்போது வைரஸுக்கு வருகிறேன். எச்ஐவி, சிடி4 டி செல் என்ற எதிர்ப்புச் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே தன் ஜீன்களைக் கோத்துவிடும்; சில செல்களில் சும்மா கிடக்கும். 2012-ல் வந்த ஓர் ஆய்வில் அந்தச் செல்களைக் காய்ச்சல் சூட்டில், அதாவது 39.5 டிகிரி செல்சியஸில் வளர்த்தார்கள். வைரஸ் 2 முதல் 7 மடங்கு கூடுதலாகப் பெருகியது. செல்லுக்குள் நுழைவதில் ஒரு மாற்றமும் இல்லை. 'டாட்' என்ற வைரஸ் புரதம் தன் ஜீன்களை முடுக்கும் இடத்தில்தான் வேகம் கூடியிருந்தது. தூங்கிக் கிடந்த வைரஸும் எழுந்தது. எச்எஸ்பி90 என்ற காப்புப் புரதத்தை மருந்தால் முடக்கினார்கள், ஏற்றம் அடங்கிவிட்டது. செல் தன்னைக் காக்க வைத்திருந்த ஆளே விருந்தாளிக்கு எடுபிடி, பார்த்தாயா!

ஆனால் அது ஆய்வுக்கூடத் தட்டில் நடந்தது. உடம்பில் அதே காய்ச்சல் எதிர்ப்புச் செல்களையும் உசுப்பிவிடும். அதனால் அம்மாவிடம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

எங்கள் கோழிகளில் கட்டி வரவழைக்கும் மேரெக் வைரஸும் டி செல்லில்தான் பதுங்கும். பொரித்த அன்றே குஞ்சுக்குத் தடுப்பூசி போடுகிறோம். அது கட்டி வராமல் காக்கும், வைரஸ் தொற்றுவதைத் தடுக்காது.

சரி, கூரை மேல் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், சாயங்காலம் போய்ப் பார்க்க வேண்டும். அம்மாவைக் கேட்டதாகச் சொல். வரும்போது முட்டை கொண்டுவருகிறேன், ஓடு கெட்டியானதும்.

உன்,
நாமக்கல்காரன்