விடுதி மாணவியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய காப்பாளர் அம்மா அவர்களுக்கும், துணைக் காப்பாளர்களுக்கும், அழைப்பை ஏற்று வந்திருக்கும் முன்னாள் விடுதி அக்காக்களுக்கும், சமையல்கூடத்து அம்மாக்களுக்கும், தோழியருக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். 2024–25 கல்வியாண்டின் மன்றச் செயல்பாடுகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

விழாக்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் முதலாமாண்டு வரவேற்பு, ஊருக்குக் கிளம்பும் முன் ஆயுத பூஜை, ஜனவரியில் சமத்துவப் பொங்கல், பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிகள், மார்ச்சில் விடுதி நாள். எல்லாம் குறையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையில் நான் நேரம் எடுத்துக்கொண்டு பேச விரும்புவது வேறு ஒன்றைப் பற்றி.

ஆயுத பூஜைத் தொடர் விடுமுறையில், இரண்டாம் தளத்தில் ஒரு முதலாமாண்டுத் தங்கை காய்ச்சலோடு அறைக்குள்ளேயே கிடந்தாள். அறைத்தோழிகள் ஊருக்குப் போயிருந்தார்கள். பக்கத்து அறையில் ஆள் இருந்தும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்தவள் மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மருத்துவமனையில் டெங்கு என்றார்கள். இப்போது முழுக்கக் குணமாகி, இதே அவையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அந்த இரண்டு நாளும் அவள் ஒரு வேளைகூட மெஸ்ஸுக்கு வரவில்லை. அதைக் கவனிக்க இந்த விடுதியில் ஒருவரும் இல்லை.

"இப்போ யாரும் யாரையும் கண்டுக்கிறதில்ல" என்று எல்லோருமே சொல்கிறோம். செல்போனைக் குறை சொல்கிறோம், புதுத் தலைமுறையைக் குறை சொல்கிறோம். இதற்கு இன்னும் நேரடியான காரணம் ஒன்று உண்டு என்று இந்த ஓராண்டில் எனக்குத் தெளிவாகியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம் மெஸ் முன்பு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும்.

முன்னாள் அக்காக்களுக்கு டிவைடிங் சிஸ்டம் என்றால் விளக்கம் தேவையில்லை. இன்றைய முதலாமாண்டுக்குத் தேவை. மாதம் முழுதும் ஆன மளிகை, காய்கறி, பால், எரிவாயு, சமையல் கூலி எல்லாவற்றையும் கூட்டி, எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் செலவு வரும். யார் எத்தனை நாள் இருந்தாரோ அத்தனை நாளுக்கு அவர் பில். லாபம் என்று ஒன்று கிடையாது. அரிசி வீணானால் அது நம் எல்லோர் பில்லிலும் ஏறும். அதனால் வேலையும் நம்முடையதாகவே இருந்தது. மெஸ் கமிட்டியில் ஒவ்வோர் ஆண்டு மாணவியரும் உண்டு. முறை வைத்து இரண்டு பேர் விடியற்காலையில் ஸ்டோர் ரூமுக்குப் போய், அன்றைக்கு வேண்டிய அரிசியையும் பருப்பையும் எடைபோட்டுக் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் எடை போட முடியாது. ஆகவே முந்தின இரவே அறை அறையாகப் போய்க் கேட்க வேண்டும். "நாளைக்கு இருக்கியா, ஊருக்குப் போறியா?" என்ற அந்தக் கேள்வி கணக்குக்காகக் கேட்கப்பட்டது. ஆனால் அந்தக் கேள்வியோடு ஒருத்தி தினமும் எல்லா அறை வாசலிலும் வந்து நின்றாள். அன்று அந்த நடைமுறை இருந்திருந்தால், காய்ச்சலில் கிடந்த தங்கையை முதல் நாள் இரவே பார்த்திருப்பார்கள்.

டிசம்பரில் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது பழைய பதிவேடுகள் ஒரு சாக்கு மூட்டையில் கிடைத்தன. அதில் ஒரு புகார்ப் புத்தகமும் இருந்தது. பச்சை மையில் ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "இன்று இட்லியைப் பிட்கவே முடியவில்லை." அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் பதில்: "உளுந்து புதுசு, சரியாக அரைபடவில்லை. நாளை அளவு கூட்டுகிறோம். நீயும் சாயங்காலம் மாவாட்ட வா, பார்க்கலாம்." அதற்கும் கீழே, மறுநாள் தேதியில், மறுபடி அதே பச்சை மை: "வந்தேன். இன்று பரவாயில்லை." இன்றைக்கு மெஸ் வாசலில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. ஸ்கேன் செய்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடலாம். அதற்கு யாரும் பதில் எழுதுவதில்லை. பதில் எழுத வேண்டிய ஆள் நம்மில் ஒருத்தியும் இல்லை.

இந்த முறை ஏன் போனது? யாரும் வேண்டுமென்று ஒழிக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பொதுமுடக்கத்தால் விடுதி ஒரே நாளில் காலியானது. அந்த ஆண்டு சேர்ந்த அக்காக்களின் முதலாமாண்டு வீட்டுத் திண்ணையிலும் மொட்டை மாடியிலும், செல்போன் சிக்னல் கிடைத்த இடத்திலேயே கழிந்தது. 2021 செப்டம்பரில் கல்லூரிகள் மீண்டும் திறந்தபோது, மெஸ் கமிட்டியை நடத்திப் பழகியவர்களில் பெரும்பாலோர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். விடுதியில் வேலை எப்படிக் கைமாறும் என்று நமக்கெல்லாம் தெரியும். எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்ததில்லை. மூன்றாமாண்டு அக்கா பக்கத்தில் நின்று பார்த்து இரண்டாமாண்டு கற்றுக்கொள்வாள். அந்தக் கண்ணி இடையில் அறுந்தது. நாங்கள் முதலாமாண்டு வந்தபோது எங்களுக்குக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. விடுதியை உடனே நடத்தியாக வேண்டும். எனவே மெஸ்ஸை எடுத்து நடத்த வெளி ஒப்பந்ததாரர் வந்தார். அந்த நேரத்தில் அது சரியான முடிவுதான். தற்காலிக ஏற்பாடு பின்னர் நிரந்தரமாகிவிட்டது.

அதற்கு முன்பே சில இழைகள் நைந்துகொண்டிருந்தன என்பதையும் மறைக்க வேண்டாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் டிவி ஹாலில் கூட்டம் குறைந்தது என்று அப்போது இங்கிருந்த அக்காக்கள் சொல்கிறார்கள். என்ன சேனல் வைப்பது என்று நடந்த சண்டையும், அதன் பிறகு வந்த சமாதானமும் அதோடு போயின.

இன்னொன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். 1996 நவம்பரில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் வந்தன. புதிதாக வருபவர்களைக் கூடியவரை தனிக் கட்டடத்தில் தங்க வைக்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. ஓர் உயிர் போன பிறகு வந்த சட்டம் அது. அதில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வம்பு வேண்டாம் என்று சீனியர்கள் முதலாமாண்டுப் பக்கமே தலைகாட்டாமல் இருப்பது சட்டம் கேட்டதல்ல, நாமாக ஏற்படுத்திக்கொண்டது. நவம்பர் முதல் காப்பாளர் அம்மாவின் அனுமதியோடு, துணைக் காப்பாளர் உடனிருக்க, வாரம் ஓர் இரவு எல்லா ஆண்டினரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் வந்திருக்கும் தங்கைகள் பலருக்கு இதுதான் வீட்டை விட்டு வெளியே தங்கும் முதல் இடம். கட்டணத்தை அரசு ஏற்கிறது. பாடத்தில் புரியாததை யாரிடம் கேட்பது, அரியர் விழுந்தால் என்ன செய்வது, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தர ஓர் அக்கா வேண்டும். அது எந்த உத்தரவிலும் வராது.

நாங்கள் எடுத்த பெரிய முயற்சி ஞாயிறு காலைச் சமையல். ஒப்பந்ததாரரிடமும் நிர்வாகத்திடமும் பேசி, ஞாயிறு ஒரு வேளையை மட்டும் மன்றம் எடுத்துக்கொண்டது. தளம் வாரியாக முறை. சனிக்கிழமை இரவு ஆள் கணக்கு, ஞாயிறு விடியலில் உழவர் சந்தை, பிறகு சமையல்கூடத்து அம்மாக்களின் மேற்பார்வையில் வேலை. முதல் வாரம் மூன்றாம் தளத்துக் கோவைப் பிள்ளைகள் அரிசிம்பருப்பு சாதம் வைத்தார்கள். ராமநாதபுரத்துப் பிள்ளைகள் "காலையிலேயே சாதமா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் முறை தட்டை நீட்டினார்கள். திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் முறை வந்தபோது சொதி வைத்தார்கள். தேங்காய் திருக ஆள் போதாமல் அன்றைக்கு எல்லாத் தளத்திலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். எல்லாம் இனிமையாக நடக்கவில்லை. ஒரு வாரம் முறைக்கு உரியவர்களில் பாதிப் பேர் வரவே இல்லை. வந்தவர்கள் கோபத்தோடு வேலை செய்தார்கள். அன்று மத்தியானம் நடைபாதையில் நடந்த வாக்குவாதம் மாடி வரை கேட்டது. பேசாமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்வதைவிட அந்த வாக்குவாதமே மேல் என்று நான் நினைக்கிறேன்.

நம்மிடம் ஒட்டுறவு செத்துப்போகவில்லை என்பதற்கு ஃபெஞ்சல் புயல் நாட்களே சாட்சி. நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் விழுப்புரமும் கடலூரும் தென்பெண்ணை வெள்ளத்தில் மூழ்கின, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தப் பக்கத்துத் தங்கைகளுக்கு வீட்டுக்குப் போன் போகவில்லை. அன்றிரவு முதல் தளத்து வராந்தாவில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருத்தியும் தன் சொந்தபந்தங்களில் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் போன் போட்டாள். திண்டிவனத்து லாரிக்காரர் ஒருவர் வழியாகத்தான் ஒரு வீட்டுச் செய்தி வந்தது: எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறார்கள், மாடு மட்டும் போய்விட்டது. அந்தத் தங்கையின் பெயர்கூட அதுவரை தெரியாதவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மறுநாளே சேலை, போர்வை, நாப்கின், பிஸ்கட் என்று சேர்த்துக் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம் வழியாக அனுப்பினோம். பேரிடர் வந்தால் சேர்ந்துவிடுகிறோம். வெறும் செவ்வாய்க்கிழமைகளில்தான் பிரிந்து கிடக்கிறோம்.

விடுதி நாளை இம்முறை வெளியாட்களிடம் கொடுக்கவில்லை. மேடை, கோலம், ஒலிபெருக்கி வாடகை, நாடகம் எல்லாம் நம் கைவேலை. நம்மிடம் வசூலிக்க வேண்டிய தொகை குறைந்தது, வருகையும் ஓரளவு கூடியது. இருந்தும் பலர் விருந்துச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் விழாவால் இது மாறாது என்பதை அது காட்டியது.

ஆகவே மன்றத்தின் செயற்குழு ஒரு தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறது. வரும் கல்வியாண்டு முதல் ஒப்பந்த மெஸ்ஸுக்கு இணையாக, விருப்பமுள்ளவர்கள் சேரும் ஒரு டிவைடிங் மெஸ்ஸைக் கல்லூரி நிர்வாகமே மாணவியர் கமிட்டி மூலம் நடத்த வேண்டும். செலவைப் பற்றி ஐயம் எழுப்புவோர்க்கு ஒன்று: கல்லூரியே தன் மாணவருக்கு உணவு வழங்கினால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. வெளி ஒப்பந்ததாரர் வழங்கினால் 5 சதவீதம் உண்டு. தேர்வு நேரத்தில் யார் எடை போடுவது என்று நான்காமாண்டுத் தோழியர் எழுப்பிய கேள்வி நியாயமானது. அந்த வாரங்களில் செமஸ்டர் இல்லாத ஆண்டினர் பொறுப்பேற்பதும், எல்லோருக்கும் தேர்வு வரும் வாரங்களுக்குச் சம்பளத்துக்கு ஸ்டோர் உதவியாளர் ஒருவரை வைப்பதும் தீர்மானத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. பெரியவர்களான முன்னாள் அக்காக்கள் இருவர் முதல் மாதம் வந்திருந்து கணக்கு எழுதப் பழக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு மன்றத்தின் நன்றி.

தீர்மானம் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும், இரவு அறைக்கணக்கு எடுக்கும் பழக்கம் இந்த மாதமே தொடங்கிவிட்டது. தளத்துக்கு இருவர், இரவு எட்டரைக்கு. கதவைத் தட்டினால் எரிச்சல்படாமல் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓராண்டு முழுதும் எங்கள் தொந்தரவைப் பொறுத்துக்கொண்ட காப்பாளர் அம்மாவுக்கும், விடியற்காலையில் எங்களுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த சமையல்கூடத்து அம்மாக்களுக்கும், செயற்குழுத் தோழியருக்கும் நன்றி. இருப்புப் பதிவேடுகளையும் புகார்ப் புத்தகத்தையும் புதிய செயலாளரிடம் இன்று மாலை ஒப்படைக்கிறேன். இவ்வறிக்கையை ஏற்றுக்கொண்டு, தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்,
விடுதி மாணவியர் மன்றம்