பயிற்சி மருத்துவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ரெசிடென்சியும் (பட்டத்துக்குப் பிந்தைய துறைப் பயிற்சி) ஃபெலோஷிப்பும் (அதற்கும் மேலான சிறப்புப் பயிற்சி) செய்யும் நம் உறுப்பினர்கள் இவ்வாண்டு சங்கத்திடம் அதிகம் கேட்டது விடுப்பைப் பற்றித்தான். வேலை போகாமல் காப்பது ஒரு விதி, சம்பளம் தரச் சொல்வது இன்னொன்று, பயிற்சி நாளை எண்ணுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே அலுவலகம் பார்ப்பதில்லை. ஹெச்.ஆர். (மருத்துவமனைப் பணியாளர் பிரிவு) சரி என்று சொன்னதை, தேர்வு நடத்தித் துறைச் சான்று தரும் வாரியமும் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

முதலாவது, வேலையைக் காக்கும் 1993-ஆம் ஆண்டின் எஃப்.எம்.எல்.ஏ. (குடும்ப, மருத்துவ விடுப்புச்) சட்டம். 12 மாதத்தில் 12 வாரம், சம்பளம் இல்லாமல். அந்த நிறுவனத்தில் 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருக்க வேண்டும். நம் டியூட்டிக்கு மணிக்கணக்கு ஒரு பொருட்டே இல்லை. 12 மாதம்தான் இடிக்கும். ஜூலையில் சேர்ந்த இன்டர்னுக்கு (முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்) அடுத்த ஜூலை வரை இந்தச் சட்டம் கை கொடுக்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இதில் பெற்றோர் என்றால் நம்மைப் பெற்றவர்கள், வளர்த்தவர்கள் மட்டுமே. மாமனார், மாமியாரைப் பார்த்துக்கொள்ள இந்த விடுப்பு கிடையாது. முன்கூட்டியே தெரிந்த பிரசவம், அறுவை சிகிச்சை என்றால் 30 நாள் முன்பே சொல்ல வேண்டும். மருத்துவச் சான்று கேட்டால் திருப்பித் தர 15 நாள் அவகாசம் உண்டு.

இரண்டாவது, பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் ஏ.சி.ஜி.எம்.ஈ. அமைப்பின் சம்பள விதி, 2022 ஜூலை 1 முதல். பயிற்சிக் காலத்தில் ஒருமுறையாவது ஆறு வாரம், முழுச் சம்பளத்துடன், மருத்துவ ஓய்வுக்கோ குழந்தைக்கோ குடும்பத்தாரைக் கவனிக்கவோ. வேலையில் சேரும் முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. 12 மாதக் கதை இதற்குப் பொருந்தாது. அந்த ஆறு வாரத்துக்கு வெளியே எடுக்க ஒரு வாரச் சம்பள விடுப்பு தனியே மீதம் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடும் தொடரும். வேலைக்குத் திரும்பியவருக்குப் பால் எடுக்கத் தனியறையும் குளிர்சாதனப் பெட்டியும் வார்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பதும் ஏ.சி.ஜி.எம்.ஈ. விதிதான், கேட்க யாரும் தயங்க வேண்டாம்.

மூன்றாவதான பயிற்சி நாள் எண்ணிக்கையில்தான் கணக்கு தப்புகிறது. இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) வாரியம் ஆண்டுக்கு 35 நாள் வரை விலகி இருக்க விடுகிறது, சராசரியாக. மூன்றாண்டுக்கு 105. ஆண்டுக்கு மூன்று வார வெக்கேஷன் எடுப்பவருக்கு அதிலேயே 63 போய்விடும். ஆறு வாரப் பிரசவ விடுப்பு 42. கூட்டினால் சரியாக 105. அதற்குமேல் காய்ச்சலென்று ஒரு நாள் படுத்தாலும் வரம்பைத் தாண்டிவிடும். நான்கு வார வெக்கேஷன் தரும் புரோகிராமில் 126 ஆகிவிடும். அப்போது புரோகிராம் டைரக்டரும் கிளினிக்கல் காம்பிடென்சி குழுவும் (பயிற்சியாளரின் திறனை மதிப்பிடும் குழு) இவர் தேர்ந்தவர் என்று உறுதியளித்து வாரியத்திடம் விலக்குக் கேட்கலாம். ஆனால் அந்த விலக்கை நம்பி முன்கூட்டியே நாளைச் செலவழிக்கக் கூடாது. பயிற்சி நீண்டாலும் ஆகஸ்ட் 31-க்குள் முடிந்தால் அவ்வாண்டுத் தேர்வு எழுதலாம். ஜூலை 1-இல் ஃபெலோஷிப் தொடங்குபவருக்கு அது உதவாது.

சர்ஜரியில் ஆண்டுக்கு 48 வாரம் பணி என்பது அடிப்படை. மற்றத் துறையினர் தத்தம் வாரியத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளவும். இரண்டாண்டும் அதற்கு மேலும் நீளும் எந்தப் பயிற்சியிலும் ஒருமுறை ஆறு வாரம், வெக்கேஷனைத் தின்னாமல், பயிற்சியை நீட்டாமல் தர வேண்டும் என்று வாரியங்களின் கூட்டமைப்பான ஏ.பி.எம்.எஸ். 2021 ஜூலையிலிருந்து தன் உறுப்பு வாரியங்களுக்கு விதித்திருக்கிறது.

ஜே-1 விசாவில் (பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு மருத்துவருக்கான விசா) இருப்போர் கூடுதலாக, அந்த விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்புக்கும் முன்பே தெரிவித்து அனுமதி பெற வேண்டும். பயிற்சி நீண்டால் அந்த விசாவுக்கான டி.எஸ்.-2019 தகுதிச் சான்றுத் தாளின் தேதியும் மாற வேண்டும்.

இவ்வாண்டு சங்கம் தயாரித்த கடித மாதிரியில் மூன்று கேள்விகள் உள்ளன: எத்தனை நாள் சம்பளத்துடன், வெக்கேஷனில் எத்தனை மிஞ்சும், பயிற்சி முடியும் தேதி மாறுமா. டைரக்டருக்கும் ஜி.எம்.ஈ. அலுவலகத்துக்கும் (மருத்துவமனையின் பயிற்சி நிர்வாகப் பிரிவு) ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைக்கவும். விடுப்புக்கு ஈடாக முன்னும் பின்னும் நைட் கால் (இரவுப் பணி) அடுக்கப்படுமா என்பதை நான்காவது கேள்வியாகச் சேர்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இவ்வறிக்கையை ஏற்றுப் பதிவு செய்யக் கோருகிறேன்.

செயலாளர்