சின்னவனுக்கு எந்த ஜேர்சி

நொட்டிங்ஹாம்
யூன் 2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. படி ஏறும்போது மட்டும் முனகுகிறா.

போன ஞாயிறு நீ பகிடியாகத்தான் சொன்னாய். எங்கள் கால்பந்துக் கிளப் நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்டை விட்டுவிட்டு, மருமகன் சின்னவனுக்கு லண்டன் கிளப் ஆர்சனலின் ஜேர்சி ஓடர் பண்ணப் போகிறாராம். "விடுங்கோ அப்பா, ஃபொரெஸ்ட் எண்டு நான் அழுதது காணும். அவனாவது வெல்லுற ரீமைப் பாக்கட்டும்" என்றாய். நானும் சிரித்துவிட்டு ஃபோனை அம்மாவிடம் கொடுத்தேன். இரவு நித்திரை வரவில்லை. உன்னில் கோபம் இல்லை, பிள்ளை. நீ 1995இல் பிறந்தாய். அந்த வருடம் நாங்கள் லீக்கில் மூன்றாவது. அதற்குப் பிறகு நீ கண்டதெல்லாம் சறுக்கல்தானே.

முதலில் மருமகனுக்கு ஒரு செய்தி. அவருடைய ஆர்சனலின் சிவப்பு நாங்கள் கொடுத்தது. 1886இல் அந்த கிளப் தொடங்கியபோது உடுப்புக்குக் காசில்லை. அங்கே வேலைக்குப் போயிருந்த எங்கள் பழைய ஆட்டக்காரர்கள் ஃபொரெஸ்டுக்கு எழுதிக் கேட்க, இங்கிருந்து ஒரு செற் சிவப்புச் சட்டையும் ஒரு பந்தும் போனது. எங்களுக்கு அப்போதே இருபத்தொரு வயது. 1865இல் தொடங்கியபோது இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டியின் படையாட்கள் போட்ட சிவப்பைப் பார்த்து ஒரு டசின் சிவப்புத் தொப்பி வாங்கினார்களாம். அதுதான் நிறம் வந்த கதை. ஆகையால் சின்னவன் எதைப் போட்டாலும் ஒருவகையில் எங்களுடையதுதான். இதை அவரிடம் வடிவாக எடுத்துச் சொல்.

நான் இந்த ஊருக்கு 1987இல் வந்தேன். ஊரின் பெயர் எனக்கு முன்பே தெரியும், பந்தால் அல்ல. தாத்தாவின் றலி சைக்கிள் நொட்டிங்ஹாமில் செய்தது. யாழ்ப்பாணத்தில் றலி வைத்திருந்தவருக்கு இருந்த மதிப்பு உனக்கு விளங்காது. ட்ரென்ட் பாலத்துக்குக் கிட்ட ஒரு பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. விடியக் காலையில் ஒரு கிழவர் வருவார். முப்பது வருடம் றலியில் வேலை செய்தவர். என் தாத்தாவின்… இல்லை, உன் தாத்தாவின் சைக்கிளை நான் சொன்னதும், அதைத் தானே பொருத்தியது போல முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் கிளஃபின் கதை தொடங்கியது.

1975 ஜனவரியில் பிரையன் கிளஃப் இங்கே மனேஜராக வரும்போது ஃபொரெஸ்ட் இரண்டாம் டிவிஷனில் பதின்மூன்றாவது. பக்கத்து ஊர் டார்பியை 1972இல் சாம்பியன் ஆக்கியவர், அதன் பிறகு லீட்ஸில் 44 நாளில் வேலை போனவர். அடுத்த வருடம் கூட்டாளி பீற்றர் ரெய்லர் வந்து சேர்ந்தார். 1977இல் மூன்றாவதாக வந்து அரும்பொட்டில் மேலே, முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 1978இல் முதல் டிவிஷன் சாம்பியன், லிவர்பூலைவிட ஏழு புள்ளி கூட. 1979இல் மியூனிக்கில் மால்மோவை வென்று ஐரோப்பியக் கோப்பை. 1980இல் மட்ரிட்டில் ஹம்பேர்க்கை வென்று மறுபடியும் அதே கோப்பை. சொந்த நாட்டின் லீக்கை ஒருமுறை வென்று ஐரோப்பியக் கோப்பையை இருமுறை வென்ற கிளப் நாங்கள். இந்தக் கணக்கைச் சொன்னால் இப்போதும் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

கிழவர் மற்ற எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லிவிட்டு ஜோன் ரொபேர்ட்சனிடம் வந்து நின்றுவிடுவார். கொஞ்சம் உருண்டை, ஓட்டம் மெல்ல, சிகரெட் பிடிப்பவர். கிளஃப் வருவதற்கு முன்பே இங்கே இருந்தும் ஒருவரும் பெரிதாகக் கவனிக்காத ஆள். மியூனிக்கில் இடது கரையிலிருந்து அவர் தூக்கிப் போட்ட பந்தைத்தான் ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால் அடித்தார். பத்து லட்சம் பவுணுக்கு வாங்கிய முதல் பிரித்தானிய ஆட்டக்காரர் ஃபிரான்சிஸ். ஐரோப்பியப் போட்டியில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். அடுத்த வருடம் மட்ரிட்டில் ஒரே கோலும் ரொபேர்ட்சனுடையது. "விலைக்கு வாங்கினவனுக்குப் பந்து குடுத்தவன் இங்கேயே சும்மா கிடந்தவன்" என்று கிழவர் சொல்லும்போது கண் கலங்கும். மருமகனுக்கு இன்னொன்று: லீக்கில் 42 ஆட்டம் தோற்காமல் போன எங்கள் சாதனையை 2004இல் உடைத்ததும் ஆர்சனல்தான். சட்டையையும் கொடுத்து, சாதனையையும் கொடுத்தோம்.

நான் எங்கள் மைதானமான சிற்றி கிரவுண்டுக்குப் போகத் தொடங்கியபோது கிளஃப் அதே பச்சை ஸ்வெட்டரோடு கரையில் நின்றார். 1989இலும் 1990இலும் லீக் கப் வென்றோம். ஆனால் 1989 என்றால் எனக்கு ஏப்ரல் 15தான் நினைவில். ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எங்களுக்கும் லிவர்பூலுக்கும் எஃப்.ஏ. கப் அரையிறுதி. நெரிசலில் நசுங்கி லிவர்பூல் ஆட்கள் 97 பேர் செத்தார்கள். அன்றிரவு ஷெட்டுக்கு சிவப்புச் சால்வையோடு வந்த ஒருவர் காசை மேசையில் வைத்துவிட்டு மிச்சம் வாங்காமல் போனார். அதைப்பற்றி நான் அதிகம் கதைப்பதில்லை. ஊரில் கண்டது போதும் என்று இங்கே வந்தவன்.

பிறகு காசுக் காலம் வந்தது. 1992 ஓகஸ்டில் முதல் டிவிஷன் பிரீமியர் லீக் என்று மாறியது. ஸ்கை ரீவி நேரடியாகக் காட்டிய முதல் பிரீமியர் லீக் ஞாயிறு ஆட்டம் எங்கள் மைதானத்தில்தான். லிவர்பூலை 1–0 வென்றோம், கோல் ஷெரிங்ஹாம். அதே மாதம் அவரை ரொட்டன்ஹாமுக்கு விற்றார்கள். டெஸ் வோக்கர் அதற்கு முன்பே இத்தாலிக்குப் போய்விட்டார். அடுத்த மே மாதம் நாங்கள் கடைசி இடத்தில். கிளஃப் 18 வருடத்தோடு நிறுத்தினார். கடைசி வீட்டு ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைற்றெட்டிடம் தோற்றுக் கீழே இறங்குகிறோம், சனம் எழும்பி நின்று அவருடைய பெயரைப் பாடுகிறது. தோற்ற மனிதருக்கு அப்படி ஒரு பாட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் விட முடியாது: அந்தக் கடைசி வருடம் குடி அவரை உருக்கிவிட்டது, ஷெரிங்ஹாமின் இடத்துக்குச் சரியான ஆளும் வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வருடமே மேலே வந்தோம், 1995இல் நீயும் வந்தாய். கொலிமோரை எட்டரை மில்லியனுக்கு லிவர்பூலுக்கு விற்றோம். 1997இல் கீழே, 1998இல் மேலே, 1999இல் திரும்பக் கீழே. அந்த வருடம் மான்செஸ்டர் யுனைற்றெட்டிடம் எட்டுக்கு ஒன்று. கடைசி நேரத்தில் இறங்கிய ஒருவரே நான்கு கோல் அடித்தார். உனக்கு நாலு வயது, வீட்டில் ஏன் ஒருவரும் கதைக்கவில்லை என்று கேட்டாய். 2002இல் ஐ.ரி.வி. டிஜிற்றல் என்ற கட்டண ரீவிக் கம்பனி முறிந்து கீழ்டிவிஷன் கிளப்புகளின் ரீவிக் காசும் போயிற்று. அந்த வருட முடிவோடு றலி தொழிற்சாலையும் இங்கே சைக்கிள் செய்வதை நிறுத்தியது. 2004 செப்டெம்பரில் கிளஃப் காலமானார். எட்டு மாதம் கழித்து நாங்கள் மூன்றாம் டிவிஷனில். ஐரோப்பியக் கோப்பை வென்ற கிளப் ஒன்று அவ்வளவு கீழே போனது அதுதான் முதல் தடவை.

இனி உன் கதை. 2007 மே, உனக்குப் பன்னிரண்டு வயது. யோவில் என்ற சின்ன ஊர் கிளப்போடு பிளே-ஓஃப், மேலே ஏறுவதற்கான ஆட்டம். அங்கே போய் 2–0 வென்றுவிட்டு இங்கே மேலதிக நேரத்தில் 5–2 தோற்றோம். காரில் நீ சீற் பெல்ற்றைக் கடித்துக்கொண்டு அழுதாய். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அன்றைக்கு நானும் நினைத்தேன், பிள்ளையை ஏன் இதற்குள் இழுத்தேன் என்று.

ஆனால் ஒன்றை நீ கவனித்திருக்கமாட்டாய். அந்த மூன்றாம் டிவிஷன் காலத்திலும் ஆட்டத்துக்குச் சராசரியாக இருபதாயிரம் பேர் வந்தார்கள். மியூனிக் பார்த்தவர்களும் வந்தார்கள், ஒன்றுமே பார்க்காத நீயும் வந்தாய். எங்களுக்கு முன் வரிசையில் இருந்த அந்த அம்மா உனக்கு ஒவ்வொரு சனியும் மின்ற் இனிப்புத் தருவா, நினைவிருக்கிறதா? வென்ற காலத்தில் இத்தனை வருடம் போய் வந்தும் ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. மூன்றாம் டிவிஷனில்தான் கேட்டார்கள், சரியாகச் சொல்லவும் பழகினார்கள்.

அடுத்த வருடம் அதே யோவில், அதே மைதானம், கடைசி நாள். நாங்கள் 3–2 வென்றோம், ஆனால் நாங்கள் மேலே ஏற, செல்ற்றன்ஹாமில் டொன்காஸ்டர் தோற்கவும் வேண்டும். பின்னாலிருந்தவரின் ரேடியோவை நீ பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாய். தோற்றுவிட்டார்கள் என்று முதலில் கத்தியது நீதான். அதையும் சேர்த்துத்தான் சின்னவனுக்குச் சொல்லவேண்டும், அழுததை மட்டும் சொல்லாதே.

பிறகு 14 வருடம் இரண்டாம் டிவிஷனிலேயே தவண்டதை விடுகிறேன். 2022 மே 29, லண்டன் வெம்பிளி மைதானத்தில் பிளே-ஓஃப் இறுதி, ஹடர்ஸ்ஃபீல்டின் சொந்தக் கோலால் 1–0. 23 வருடம் கழித்து மேலே. முந்தின செப்டெம்பரில் கடைசி இடத்தில் கிடந்த ரீமை மனேஜர் ஸ்ரீவ் கூப்பர் அங்கே கொண்டுவந்தார். மெல்பேர்னில் உனக்கு நடுச்சாமம், காலையில் வேலை என்று படுத்துவிட்டாய். நான் வெம்பிளியிலிருந்து எடுத்த ஃபோனை நீ எடுக்கவில்லை.

போன வருடம் அளவுக்கு மிஞ்சிச் செலவழித்ததற்காக நாலு புள்ளி வெட்டினார்கள். சனம் லீக்கைத் திட்டியது, எனக்கென்னவோ பிழை எங்களுடையது என்றுதான் பட்டது. அப்படியும் தப்பினோம். இந்த வருடம் ஏழாவது. கிறிஸ் வூட் லீக்கில் 20 கோல் அடித்தார். லிவர்பூலின் மைதானமான அன்ஃபீல்டில் 1969க்குப் பிறகு முதல் தடவையாக வென்றோம். முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஐரோப்பியப் போட்டிக்கும் போகிறோம். பெரிய கோப்பை இல்லை, மூன்றாம் தரம்தான். எங்களுக்கு மூன்றாம் தரம் பழக்கம்.

மருமகன் ஆர்சனல் ஜேர்சியை வாங்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பார்சல் அனுப்பினேன். அம்மா செய்த பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் இருக்கிறது, அடியில் ஒரு சின்னச் சிவப்பு. ஐந்து வயது அளவு, அவனுக்கு இப்போது பெரிதாகத்தான் இருக்கும்.

ஐரோப்பாவில் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று இன்னும் குலுக்கவில்லை. என் பாஸ்போட் ஒக்ரோபரில் முடிகிறது. நேற்றுத்தான் புதுப்பிக்கக் கொடுத்தேன்.

அன்புடன்,
அப்பா