முதியோர் பயண உறுப்புரிமை அட்டை தொடர்பான முறைப்பாடு

களுவாஞ்சிகுடி,
2025.03.10

கிளை முகாமையாளர் அவர்கட்கு,
முதியோர் பயண உறுப்புரிமைப் பிரிவு,
மட்டக்களப்பு.

ஐயா,

பொருள்: விமானச் சீட்டில் தருவதாகக் கூறிய 20 சதவீதக் கழிவு கிடைக்காமையும், உறுப்புரிமைப் பணத்தை மீளக் கோரலும்

நானும் எனது கணவரும் கடந்த ஆண்டு ஒக்டோபர் மாதம் தங்களது முதியோர் பயண உறுப்புரிமைத் திட்டத்தில் ஆளுக்கு 7,500 ரூபா கட்டி, இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் அட்டைகளைப் பெற்றுக்கொண்டோம். அந்த அட்டைகளை நம்பியே கடந்த ஜனவரி மாதம் ஆருத்திரா தரிசனத்துக்காகச் சிதம்பரம் சென்று வந்தோம். அந்தப் பயணத்தில் அட்டையால் எங்களுக்கு ஒரு ரூபாவும் மிஞ்சவில்லை. அட்டையே இல்லாத ஒருவர் அதே விமானத்துக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலான பணத்தை நாங்கள் கொடுத்திருக்கிறோம் என்பதே இந்தக் கடிதத்தின் விடயம்.

தங்கள் அலுவலர் எங்கள் முதியோர் சங்கக் கூட்டத்துக்கு வந்து பேசியபோது, 60 வயது நிறைந்த உறுப்பினர்களுக்கு விமானச் சீட்டின் மொத்தக் கட்டணத்தில் 20 சதவீதம் கழிக்கப்படும் என்று சொன்னார். தங்கள் துண்டுப்பிரசுரத்திலும் 'மொத்தக் கட்டணம்' என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. முதியோருக்குக் கழிவு தரும் விமான சேவைகள் பொதுவாக அடிப்படைக் கட்டணத்தில்தான் கழிவு தருகின்றன, வரிகளிலும் ஏனைய அறவீடுகளிலும் கழிவு இல்லை என்பதை நான் அறிந்திருந்தபடியால், அதை அவரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். வரியும் சேர்த்துத்தான் என்று சபை நடுவே நின்று அவர் சொன்னார்.

கட்டுநாயக்காவிலிருந்து சென்னை சென்று திரும்புவதற்குத் தங்கள் கிளை எங்களுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டில், வழமையான கட்டணம் 92,000 ரூபா, உறுப்பினர் கழிவு 18,400 ரூபா, செலுத்த வேண்டியது 73,600 ரூபா என்று இருக்கிறது. இருவருக்குமாக 147,200 ரூபா கட்டினோம். பயணத்தன்று விமான நிலைய வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர் செட்டிபாளையத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர். ஊர்க்காரர் என்று தெரிந்ததும் பேச்சு வளர்ந்தது. அவர் விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் தானே பதிந்த சீட்டைத் தனது தொலைபேசியில் காட்டினார். அதே விமானம், அதே திரும்பும் திகதி, அதே எடைப் பொதி. அவர் கொடுத்தது 68,400 ரூபா. அவருக்கு முப்பது வயதும் ஆகியிராது.

விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறுவது எனக்குத் தெரியும். ஆகவே அவர் பதிந்த நாளையும் பார்த்தேன். நாங்கள் தங்கள் கிளையில் பணம் கட்டியதற்கு மறுநாள்தான் அவர் பதிந்திருக்கிறார். முதல் நாள் 92,000 ரூபாவாக இருந்த வழமையான கட்டணம் மறுநாள் 68,400 ரூபாவாக இறங்கியது என்று தாங்கள் கூறுவதானால், அன்றைய கட்டணத்துக்கு விமான நிறுவனம் தந்த எழுத்துமூலச் சான்றைத் தாருங்கள். ஊர் திரும்பியதும் இதையே நேரில் வந்து கேட்டபோது, 92,000 என்பது 'பட்டியல் கட்டணம்' என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தப் பட்டியலை யார் தயாரித்தார்கள், அந்த விலைக்கு எவராவது ஒரு சீட்டாவது வாங்கியிருக்கிறார்களா என்ற கேள்விகளுக்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறினார்கள். அதன்பின் இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்தும் பதில் வரவில்லை. நான் 31 ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவள். எவரும் கொடுக்காத ஒரு விலையை மேலே எழுதி, அதிலிருந்து கழித்துக் காட்டுவதை என்னால் கழிவு என்று ஏற்றுக்கொள்ள முடியாது.

சென்னையில் நடந்தது இதைவிட மனவருத்தத்தைத் தந்தது. இந்திய ரயில்களில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் முதியோர் சலுகை உண்டு என்றும், அதைத் தங்கள் அட்டையைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் தங்கள் துண்டுப்பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. முழங்கால் வருத்தம் உள்ள எனது கணவர் எழும்பூர் நிலையத்தில் முக்கால் மணித்தியாலம் வரிசையில் நின்று, இரண்டு அட்டைகளையும் யன்னல் வழியாக நீட்டினார். உள்ளே இருந்தவர் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், அந்தச் சலுகை கொரோனா நேரத்துலயே நின்னு போச்சு. இது எந்த ஊரு கார்டு?" என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆயினும் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, இவர் அட்டைகளைச் சட்டைப்பையில் வைக்கத் தடுமாறியதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, இந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான்தானே என்று நெஞ்சு கனத்தது.

60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் என்பது இந்திய ரயில்வேயில் ஒரு காலத்தில் இருந்த விதிதான். 2020 மார்ச் 20 முதல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. நாங்கள் பயணம் செய்தபோது அது நின்று ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே முதியோருக்கு இன்றும் இருக்கும் ஒரு வசதி, படுக்கை ரயில்களில் கீழ்ப்படுக்கை ஒதுக்குவதில் முன்னுரிமை. அதற்கு வயது போதும், எந்த உறுப்புரிமை அட்டையும் வேண்டியதில்லை. முதியோருக்காகவே திட்டம் நடத்தும் ஒரு நிறுவனம் இவ்வளவையாவது விசாரித்து அறிந்திருக்க வேண்டும்.

கிழக்கிலிருந்து கொழும்பு செல்லும் சொகுசு பஸ்களில் 10 சதவீதக் கழிவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். களுவாஞ்சிகுடியில் இரவு பஸ் ஏறியபோது அட்டையைக் காட்டினேன். "அம்மா, உதெல்லாம் இஞ்ச செல்லாது" என்று நடத்துநர் முழுக் கட்டணத்தையும் எடுத்தார். எந்தெந்த பஸ் உரிமையாளர்களுடன் தங்களுக்கு உடன்பாடு இருக்கிறது என்ற விவரம் துண்டுப்பிரசுரத்தில் எந்த இடத்திலும் இல்லை. திரும்பி வரும்போது கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு, ஓய்வூதியர் என்ற வகையில் எனக்குக் கிடைத்த ரயில் வொறன்டில், அதாவது இலவசப் பயண அனுமதியில், வந்தோம். முழுப் பயணத்திலும் எங்களுக்குக் கிடைத்த ஒரே மெய்யான சலுகை அதுதான்.

இப்படியான அட்டைகளையே நான் நம்பாதவள் அல்ல. லண்டனில் இருக்கும் மகனிடம் சென்றிருந்தபோது, 60 வயதானவர்களுக்கான ரயில் அட்டையை 30 பவுணுக்கு எடுத்துத் தந்தான். நிலையத்தில் எவரும் வாங்கும் அதே சீட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கை அது குறைத்தது. காலை வேலை நேரத்தில் லண்டனையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் விட்டுப் போகாத பயணங்களுக்கு அந்த அட்டை செல்லாது என்ற கட்டுப்பாட்டையும் அவர்கள் முன்கூட்டியே தெளிவாக எழுதியிருந்தார்கள். அதனால் ஒரு நாளாவது நாங்கள் ஏமாறவில்லை. தங்கள் அலுவலர் கூட்டத்தில் உதாரணமாகக் காட்டிய அமெரிக்காவின் ஏஏஆர்பி என்னும் முதியோர் உறுப்புரிமை அமைப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதை 1958 இல் தொடங்கியவர் எதெல் பேர்சி அன்ட்ரஸ் என்னும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அதற்கு முன்பே, 1947 இல், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மருத்துவக் காப்புறுதி இல்லாமல் தவிப்பதைக் கண்டு அவர்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தவர் அவர். தனியாக நின்று கேட்டால் கிடைக்காத விலையைப் பலராகச் சேர்ந்து நின்று கேட்டுப் பெறுவதே அந்த முயற்சியின் கரு. நாங்களும் அந்த எண்ணத்தோடுதான் தங்களிடம் சேர்ந்தோம்.

'நாங்கள்' என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் முதியோர் சங்கத்தின் செயலாளராக நான் இருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து இது நல்ல திட்டம் என்று சொன்னவள் நான். என் சொல்லை நம்பி இன்னும் 14 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பன்பாய் இழைத்து விற்றுச் சீவிக்கும் விதவைத் தாய். வவுனியாவில் இருக்கும் மகளை அடிக்கடி போய்ப் பார்க்கலாம், பஸ் காசு குறையும் என்று நினைத்து, 7,500 ரூபாவை நூறும் ஐந்நூறுமாகக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு வந்து, என் வீட்டுத் திண்ணையில் வைத்துத் தங்கள் அலுவலரிடம் எண்ணிக் கொடுத்தார். கடைசித் தாளை மடிப்பு நீக்கி நீவிக் கொடுத்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த அட்டையை அவர் இதுவரை எங்கும் பயன்படுத்த முடியவில்லை. வழியில் என்னைக் காணும்போது அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஆயினும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது.

ஆகவே, விமானச் சீட்டுகளுக்குக் கூடுதலாக அறவிட்ட 10,400 ரூபாவையும் இரண்டு உறுப்புரிமைகளுக்கான 15,000 ரூபாவையும் சேர்த்து 25,400 ரூபாவை எங்களுக்குத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, எங்கள் சங்கத்தில் சேர்ந்த 14 பேரினதும் பணமான 105,000 ரூபாவை அவரவர் கையில், எங்கள் சங்கத்தின் முன்னிலையில், திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்களில் எவரும் தூரப் பயணம் எதற்கும் அட்டையைப் பயன்படுத்தவில்லை என்பதைத் தங்கள் பதிவேட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்திய ரயில் சலுகை பற்றிய பகுதியுடன் கூடிய துண்டுப்பிரசுரத்தை உடனே மீளப்பெறுங்கள். சென்ற கிழமையும் கல்முனைப் பக்கம் அதே துண்டுப்பிரசுரம் விநியோகிக்கப்பட்டதாக அறிகிறேன். அங்கே இன்னொரு முதியவர் அதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன்னர் இது நடக்க வேண்டும்.

வியாபாரத்தில் ஈடுபடும் எவரும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வகையில் நடந்துகொள்ளலாகாது என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு கூறுகிறது. சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால், தங்கள் பதிலுக்காக நீண்ட காலம் காத்திருக்க என்னால் இயலாது. இம்மாதம் 24 ஆம் திகதிக்குள் எழுத்துமூலப் பதில் கிடைக்காவிடின், இந்தக் கடிதத்தையும், இத்துடன் இணைத்துள்ள பற்றுச்சீட்டு, துண்டுப்பிரசுரம், அட்டைகள் ஆகியவற்றின் பிரதிகளையும் அதிகார சபைக்கு அனுப்பிவைப்பேன்.

தங்கள் அலுவலர் பணத்துடன் வருவதாயின், சங்கக் கூட்டம் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நடைபெறும். அன்று 14 பேரையும் தவறாமல் வரச் சொல்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
செயலாளர், முதியோர் சங்கம்,
களுவாஞ்சிகுடி.