அம்மிணிக்கு: சைன் பிறந்த கதை

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமன் எழுதுகிறேன். நோம்பிக்குக் காங்கேயம் வந்தபோது, "கொடிக்கம்பம் எத்தன ஒசரம்னு பாக்கறதுக்குங்களா மாமா இத்தன சைனு, காஸு?" என்று கேட்டாய். வீடு நிறைய ஆள் இருந்ததால் அன்றைக்கு நிதானமாகச் சொல்ல முடியவில்லை.

கம்பத்துக்காக யாரும் இந்த முக்கோணவியலைக் கண்டுபிடிக்கவில்லை. கம்பத்தை ஏறிக் கயிறு விட்டே அளந்துவிடலாம். நிலாவுக்கு அப்படி முடியாதே! அண்ணாந்து பார்ப்பவனுக்குக் கிடைப்பது கோணம் ஒன்றுதான். அதை வைத்தே கிரகணம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லியாக வேண்டும். கிரேக்கத்தில் ஹிப்பார்க்கஸ் என்கிற வானியலாளர் வட்டத்தின் நாண்களுக்கு, அதாவது வட்டத்தில் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோடுகளுக்கு, அட்டவணை போட்டது அதற்காகத்தான். இந்தியாவில் பாதி நாணை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் நீ படிக்கிற சைன்.

கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் செய்ததை உன் நோட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். வட்டம் 360 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை, ஆக மொத்தம் 21,600 கலை. சுற்றளவு அவ்வளவு என்றால் ஆரம் 3,438. கால் வட்டத்தை 24 பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் சைன் எவ்வளவு கூடுகிறது என்று மட்டும் சொல்கிறார்: 225, 224, 222, 219, 215, 210, 205, 199. இந்த எட்டையும் கூட்டினால் 1,719. எட்டாவது பங்கு 30 பாகை. 1,719 என்பது 3,438-ல் சரிபாதி. சைன் 30 அரை என்று மனப்பாடம் செய்தாயே, அதுவேதான்! இருபத்துநாலு எண்ணும் ஒரே செய்யுளில் அடங்கியிருக்கின்றன. எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் புல்லரிக்கிறது.

இந்தக் கணக்கு ஏட்டோடு நிற்கவில்லை. 1825-ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தார். வாரன் என்கிற வெள்ளைக்காரர் அதைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிசகு, முடிவில் 52. கணக்கு ஏன் அப்படி வருகிறது என்பது அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தெரியாது. வழிமுறை மட்டும் தலைமுறை தலைமுறையாக வந்திருந்தது.

அந்த 'ஏன்' பிடிபட்டால் கணிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் 1400 வாக்கில் இருந்த கேரளத்துக் கணிதர் சங்கமகிராம மாதவன் சாட்சி. கிரகங்களின் இடத்தை இன்னும் நுட்பமாகச் சொல்ல சைன் மதிப்பும் நுட்பமாக வேண்டியிருந்தது. அதற்காக முடிவே இல்லாத தொடர் ஒன்றைக் கண்டார். ஐரோப்பாவில் நியூட்டன் அந்தத் தொடருக்கு வர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. உங்கள் பாடத்தில் முதல் பக்கத்திலேயே இவர் பெயர் இருக்க வேண்டும் என்பேன்.

2019 டிசம்பர் 26 காலையில் நம் ஊரில் சூரியன் வளையமாகத் தெரிந்ததும், அது முன்கூட்டியே நிமிஷக் கணக்காகச் சொல்லப்பட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம், மிச்சம் பதினாறு எண்ணையும் தருகிறேன்: 191, 183, 174, 164, 154, 143, 131, 119, 106, 93, 79, 65, 51, 37, 22, 7. 1,719-ல் இருந்து கூட்டிக்கொண்டே போ. 90 பாகையில் 3,438 வருகிறதா என்று பார்த்து எனக்குச் சொல்.

அன்புடன்,
மாமன்