முல்லைத்தீவைத் தெரிவுசெய்தால் முசலி ஏன் வருகிறது?

வன்னி மாவட்டங்களுக்கான அறிக்கை மென்பொருளை எழுதும் தம்பி தங்கைமாருக்கு,

வணக்கம். நீங்கள் செய்து தந்த பக்கம் பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மாவட்டப் பெட்டியில் முல்லைத்தீவைத் தெரிவுசெய்த பிறகும் அடுத்த பிரதேசப் பெட்டியில் மன்னாரின் முசலியும் நானாட்டானும் கிளிநொச்சியின் பூநகரியும் வந்து நிற்கின்றன. கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா, இந்த ஆறு பிரதேசங்களும் போதுமே. அதற்குக் கீழே கிராம அலுவலர் (ஜி.எஸ்.) பிரிவு, கிளிநொச்சியில் மட்டும் 95. நாலு மாவட்டத்தையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டால், வெள்ள நிவாரண விபரம் கேட்டு ஆட்கள் வாசலில் நிற்கும்போது நாங்கள் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பிரதேசப் பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் வினவலில், மேலே தெரிவுசெய்த மாவட்டத்துக்கு உரியவை மட்டும் என்று ஒரு நிபந்தனை போட்டால் வேலை பாதி முடிந்தது. மைக்ரோசொப்டின் அறிக்கை மென்பொருளான எஸ்எஸ்ஆர்எஸ் என்றால் அளவுருக்களின் (தெரிவுப் பெட்டிகளின்) வரிசையையும் பாருங்கள், மாவட்டம் மேலே, பிரதேசம் கீழே. மாறிக் கிடந்தால் அது பிழை காட்டி நின்றுவிடும். நிபந்தனையைப் பெயரை வைத்துப் போடாமல் குறியீட்டை வைத்துப் போடுங்கள், ஏனென்றால் புதுக்குடியிருப்பு என்ற பெயரில் மன்னாரிலும் ஊர் இருக்கிறது, போதாததற்கு ஒரே ஊரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறோம் (அது எங்கள் பக்கத்துக் கூத்து, உங்களைச் சொல்லவில்லை).

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய விஷயம். பட்டியலை நிவாரணம் பெற்றவர்களின் அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் ஒருவர்கூடப் பதியப்படாத பிரிவு பட்டியலிலேயே வராது, அங்கே பாதிப்பே இல்லையா அல்லது ஜி.எஸ். இன்னும் விபரம் அனுப்பவில்லையா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். இடங்களுக்கென்று தனியாக ஒரு சின்ன அட்டவணை வையுங்கள், வேகமும் கூடும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டிவிடவும் வேண்டாம். குளத்தைப் பிரதேசத்துக்குக் கீழே போட்டால் கிளிநொச்சியின் இரணைமடுவை எங்கே வைப்பீர்கள்? அதன் தண்ணீர் கரைச்சி வயலுக்கும் போகிறது, கண்டாவளை வயலுக்கும் போகிறது. குளத்துக்கும் பிரிவுக்கும் நடுவில் ஒரு இணைப்பு அட்டவணை இருந்தால், குளத்தைத் தெரிவுசெய்தவுடன் அதற்குரிய பிரிவுகள் எல்லாம், எந்தப் பிரதேசமானாலும், வந்துவிடும்.

அப்புறம், மாவட்டத்தை மாற்றினால் முன்பு தெரிவுசெய்த ஜி.எஸ். பிரிவு அழிய வேண்டும், இல்லாவிட்டால் வெற்று அறிக்கை வந்து எங்களைக் குழப்பும். பல பிரிவுகளைத் தெரிவுசெய்யும் இடத்தில் ஒவ்வொரு சரிக்குறிக்கும் பக்கம் மீண்டும் ஏறாமல், எல்லாம் தெரிவுசெய்து முடிய ஒரு பொத்தானை அழுத்துகிற மாதிரி வையுங்கள், இங்கத்தைய இணைய வேகம் உங்களுக்குத் தெரியும்தானே. ‘எல்லாம்’ என்ற தெரிவும் வேண்டும், அது அந்த மாவட்டத்துக்குள் உள்ள எல்லாமாக இருக்கட்டும்.

பெரும்போகப் பயிரழிவு விபரம் சேர்க்கத் தொடங்குவதற்குள் முதல் மூன்று பெட்டிகளையாவது சரிசெய்து தாருங்கள். சோதித்துப் பார்க்க எங்கள் பிரிவின் பட்டியலைக் குறியீடுகளோடு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பிரதேச செயலகமொன்றில் தினமும் இந்த அறிக்கையை எடுக்கும் உத்தியோகத்தர்